மரபில் எடுத்ததும் விட்டதும்: சென்னைக் கலை இயக்கத்தின் சில படைப்புகளை முன்வைத்து

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியைச் சுற்றி 1950களின் பிற்பகுதியிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் நடத்திய கூட்டுச் செயல்பாட்டைச் சென்னைக் கலை இயக்கம் என்பர். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால், பி. வி. ஜானகிராம், ஏ. பி. சந்தானராஜ், எல். முனுசாமி, ரெட்டப்ப நாயுடு, ஜே. சுல்தான் அலி, கே. எம். ஆதிமூலம் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். பழைய கலை மரபுகளைப் பார்த்து அவற்றிலிருந்து தமக்கெனப் புதிய படைப்புகளை உருவாக்கியவர்கள் என்று இவர்களை ஒரே வரியில் அறிமுகப்படுத்துவது வழக்கம்.

அந்த ஒரு வரி போதுமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. “மரபும் நவீனமும் சங்கமிக்கும் படைப்பு” என்று கண்காட்சிக் கையேடுகளில் அச்சிடுகிறார்கள். எந்தப் படத்தின் கீழ் வைத்தாலும் பொருந்திவிடும் வாசகம் அது. எந்தப் படத்துக்கும் பொருந்துவது எந்தப் படத்தையும் விளக்காது. ஒரு கலைஞர் பழைய கலையிலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை எடுத்துக்கொள்வதற்காக எதைக் கைவிட்டார் என்று கேட்பவர் குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத படைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், பெரும்பாலும் நகலாகவோ அலங்காரமாகவோதான் இருக்கிறது என்பது என் கருத்து. கீழே சில படைப்புகளை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்க்கலாம்.

கல்லூரியும் அதன் காலமும்

1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய பள்ளியே பின்னாளில் இந்தக் கல்லூரியாக வளர்ந்தது. தொடக்கத்திலிருந்தே அது கைத்தொழில்களுக்கு இடம் கொடுத்த நிறுவனம். உலோக வேலை, மண்பாண்டம், நெசவு ஆகியவையும் ஓவியமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. ஓவிய மாணவன் தன் வகுப்பிலிருந்து வெளியே வந்தால் செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கடந்துதான் போக வேண்டும். பிற்காலத்தில் இந்த அருகாமை பலன் தந்தது.

1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். முறுகிய தசையும் புடைத்த நரம்பும் மனித உடலின் எடையும் அந்தச் சிலையில் தெரியும். ஐரோப்பிய முறையில் உடலைக் கூர்ந்து பார்த்து உருவம் செய்யும் பயிற்சி அது. அவருக்குப் பின் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர் பணிக்கர்.

அப்போதைய சிக்கலை இன்றைய மாணவர்கள் உணர்வது சற்றுக் கடினம். நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. வான்கா போலவும் பிக்காசோ போலவும் வரையத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். ஆனால் அதை வரைந்து முடித்ததும், இதை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டாரே என்ற எண்ணம் எழுந்தது. மறுபுறம், கல்லூரியிலிருந்து நடந்து போகும் தொலைவில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருந்தன. அவற்றைப் போலச் செய்தாலும் அதே பதில்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து முடித்துவிட்டார், அதுவும் இன்னும் நன்றாக.

ஒரு கணக்கு நோட்டுப் புத்தகம்

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தொடக்கத்தில் கேரளத்து நீர்க்கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். தந்தி இலாகாவிலும் காப்பீட்டுத் துறையிலும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1950களில் அவர் தீட்டிய மனித உருவங்களில் அஜந்தாவும் வான்காவும் அருகருகே நிற்பதைக் காணலாம். அவை திறமையான படங்கள். ஆனால் இரண்டு மூலங்களும் தனித்தனியே தெரிகின்றன. எடுத்தது தெரிகிறது, விட்டது ஒன்றுமில்லை.

1963-ல் அந்த நிலை மாறியது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டின் பக்கமே தமக்கு வழிகாட்டியது என்று பணிக்கரே பதிவு செய்திருக்கிறார். எண்கள், இயற்கணித எழுத்துகள், வடிவியல் கோடுகள் ஆகியவை ஒரே தாளில் நெருக்கமாகக் கிடந்த தோற்றம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற நீண்ட வரிசை பிறந்தது. முப்பது ஆண்டுகள் கணக்கு நோட்டுகளைத் திருத்திய எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நாங்கள் விடை சரியா என்று மட்டுமே பார்த்தோம். பக்கத்தைப் பார்த்தவர் பணிக்கர்.

வரிசையின் முதல் படங்களில் பாடநூல் எண்களும் ரோமன் எழுத்துகளும் உண்டு. விரைவிலேயே அவற்றின் இடத்தை மலையாள எழுத்தைப் போன்ற வரிவடிவம் பிடித்தது. அதோடு ராசிக் கட்டங்கள், சக்கரங்கள், மீன், பறவை, அட்டவணை, தாளில் ஊறிய மை போன்ற கறைகள். பின்னணி பெரும்பாலும் மெல்லிய வெளிர் நிறத்தில், பழுத்த ஓலையையோ பழைய காகிதத்தையோ நினைவூட்டுவதாக இருக்கிறது. ஜாதகம் எழுதிய சுவடியும் வீட்டுக் கணக்குப் புத்தகமும் மந்திரத் தகடும் ஒரே பக்கத்தில் சேர்ந்தது போன்ற தோற்றம்.

ராசிக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நான்குக்கு நான்கு கட்டங்கள், நடுவிலுள்ள நான்கும் ஒன்றாகிச் சுற்றிலும் பன்னிரண்டு மிஞ்சும். நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் வரையப்படும் முதல் வரைபடம் இதுதான். ஓர் ஓவியனின் கண்ணோடு பார்த்தால், சட்டத்துக்குள் சட்டமும் நடுவில் ஒரு வெற்றிடமும் ஓரங்களில் சீரற்ற எழுத்தடர்த்தியும் கொண்ட நல்ல அமைப்பு அது. ஒரு கட்டத்தில் மூன்று கிரகங்கள் நெருக்கியடித்து நிற்கும், பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும். இந்தச் சமனின்மையை ஜோதிடர் திட்டமிடுவதில்லை. பணிக்கர் எடுத்துக்கொண்டது இந்த அமைப்பை. மரபு என்றதும் எல்லோரும் கோயிலுக்கும் சிற்பத்துக்கும் ஓடிய காலத்தில், கலை என்று எவருமே கருதாத ஒரு தாளை அவர் மரபாகக் கண்டார். இந்த வரிசையின் முதல் தகுதி இதுவே.

இனி, விட்டது என்ன? முதலில், இருபது ஆண்டுகள் பழகிக் கைவந்த மனித உருவத்தை விட்டார். அடுத்து, பொருளை விட்டார். அந்த எழுத்துகளை வாசிக்க முடியாது. மலையாளம் அறிந்தவரும் வாசிக்க முடியாது. ஜாதகம் இருக்கிறது, அதில் யாருடைய விதியும் இல்லை. சக்கரம் இருக்கிறது, அதை வைத்து எவரும் பூசை செய்ய முடியாது. படிக்கத் தெரியாத ஒருவர் எழுத்தைப் பார்க்கும்போது என்ன காண்பாரோ அதை, படிக்கத் தெரிந்த நம்மைப் பார்க்க வைக்கிறார். இது பெரிய துணிச்சல். 1965-ல் இந்த மாநிலத்தின் தெருக்களில் மொழிக்காக உயிர் போய்க்கொண்டிருந்தது. அதே சென்னையில், அதே ஆண்டுகளில், ஒருவர் எழுத்திலிருந்து பொருளைக் கழற்றிக்கொண்டிருந்தார் என்பதை இன்று சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. அந்தச் சங்கடம் படத்தின் குறை ஆகாது. படத்துக்கு வலுவே அதனால்தான் கூடுகிறது என்று நினைக்கிறேன்.

எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை என்று சொல்ல முடியாது. 1977-ல் மறையும் வரை அவர் இந்த வரிசையிலேயே இருந்தார். பதினான்கு ஆண்டுகள். கட்டமும் கறையும் ஒன்றோடொன்று மோதும் படங்களில் கண் நிலைகொள்ளாமல் அலைகிறது. வேறு சில படங்களில் குறிகள் வரிசையாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. 1966-ல் அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை பற்றிய நூல் வெளிவந்த பிறகு, சக்கரமும் முக்கோணமும் உள்ள இந்தியப் படங்களுக்கு வெளிநாட்டில் ஒரு மோகம் எழுந்தது. பணிக்கரையும் ‘நவ தாந்திரிகம்’ என்ற பெயரின் கீழ்ச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்கு நன்மை செய்யவில்லை. தாம் பொருளைக் கழற்றி வைத்த குறிகளின் மீது பார்வையாளர்கள் ஒரு மர்மப் பொருளை மறுபடி மாட்டிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலுள்ள கூடத்தில் பல காலத்துப் படங்களையும் ஒருசேரக் காணலாம். எந்தப் படத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தார், எதில் கண்டதைத் திரும்பச் சொன்னார் என்று மாணவர்கள் தாங்களே முடிவு செய்யட்டும்.

திரும்பச் செய்தல் குற்றமா?

கண்டதைத் திரும்பச் செய்தார் என்ற குற்றச்சாட்டைப் பணிக்கருக்கு முன்பே வலுவாகச் சுமந்தவர் வங்காளத்து ஓவியர் ஜாமினி ராய். அவரை இங்கே ஒப்பிடுவது பயன் தரும்.

1887-ல் பாங்குரா மாவட்டத்தின் பேலியாதோர் கிராமத்தில் பிறந்த ராய், கல்கத்தாவில் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் தீட்டிப் பெயர் பெற்றவர். 1920களில் அந்தத் தொழிலை விட்டுக் காளிகாட் படங்களின் பக்கம் திரும்பினார். கல்கத்தாவின் காளி கோயில் வாசலில் யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்ட மலிவான படங்கள் அவை. கிராமங்களில் நீண்ட சுருள்படங்களைக் காட்டிக் கதை பாடிய பட்டுவா ஓவியர்கள் நகரத்துக்கு வந்து உருவாக்கியவை. நகரத்தில் நின்று கதை கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே சுருள் ஒற்றைத் தாளாயிற்று, துணி ஆலைக் காகிதமாயிற்று, தூரிகை வேகம் கொண்டது. தெய்வங்களோடு, மைனர் பாபுக்களும் 1873-ல் பரபரப்பாகப் பேசப்பட்ட தாரகேசுவரக் கொலை வழக்கும் படங்களாயின. ராய் மரபு என்று கண்டது, நூறாண்டுக்கு முன் பிழைப்புக்காக நகரம் வந்தவர்கள் செய்த புதுமையை. ராய்க்கே இது உறுத்தியிருக்கிறது. காளிகாட் படங்களில் நகரத்தின் சாயல் மிகுதி என்று கருதி, பிறகு தம் சொந்த பாங்குராவின் கிராமப் படங்களை நோக்கி நகர்ந்தார்.

அவர் கைவிட்டவற்றின் பட்டியல் நீளமானது. எண்ணெய் வண்ணம் போயிற்று. வெளிநாட்டுக் கித்தான் போயிற்று. ஒளிநிழலும் தொலைவுத் தோற்றமும் போயின. வண்ணங்கள் ஏழளவில் சுருங்கின. விளக்குக்கரியும் சுண்ணமும் மண்நிறங்களும் புளியங்கொட்டைப் பசையும் வந்தன. பாயிலும் பலகையிலும் சுண்ணம் பூசிய துணியிலும் தீட்டினார். கடைசியாக, ஒரு படம் ஒருமுறைதான் பிறக்க வேண்டும் என்ற நவீன ஓவியனின் பெருமையையும் விட்டுவிட்டார். வீட்டையே பட்டறையாக்கி, குடும்பத்தாரும் உதவியாளரும் சேர்ந்து அதே தாயையும் சேயையும், அதே பூனையையும், அதே நீள்விழி மங்கையரையும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். விலை குறைவு. நடுத்தரக் குடும்பத்தின் சுவரிலும் ஒரு படம் தொங்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தொழிற்சாலை என்று இதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. பட்டுவாவின் கோட்டை எடுத்த ஓவியர்கள் பலர், பட்டுவாவின் பட்டறையையும் எடுத்தவர் ராய் ஒருவரே என்று நான் சொல்வேன். தோற்றத்தை மட்டும் எடுப்பவருக்கும் வேலைசெய்யும் முறையை எடுப்பவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. பணிக்கர் திரும்பச் செய்தபோது ஒவ்வொன்றும் தனிப்படைப்பு என்ற உரிமையோடு சட்டமிடப்பட்டது. ராய் அந்த உரிமையைக் கேட்கவே இல்லை. ஆனால் வரலாறு அவருக்கு வேறொன்றைச் செய்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி அவருடைய படைப்புகள் தேசியக் கருவூலமாக அறிவிக்கப்பட்டன. அவற்றை நாட்டைவிட்டு விற்க முடியாது. ஏலத்தில் அவை போகும் விலைக்கும் நடுத்தரக் குடும்பத்துச் சுவருக்கும் இன்று எந்தத் தொடர்பும் இல்லை. பட்டறையில் பல கைகள் சேர்ந்து செய்த படங்களில் எது ராயின் கை என்று நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று அவர் ஒதுக்கிய கேள்வியே விலையை முடிவு செய்கிறது.

கவசம் உண்டு, மூர்த்தி இல்லை

சென்னைக்குத் திரும்புவோம். இயக்கத்தின் சிற்பங்களில் என்னை மிகவும் ஈர்ப்பவை பி. வி. ஜானகிராமின் (1930–1995) தகட்டுச் சிற்பங்கள்.

கோயில்களில் மூலவருக்கு வெள்ளிக் கவசமோ பித்தளைக் கவசமோ சாத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கவசத்தைச் செய்பவர், அரக்குப் படுக்கையின் மேல் தகட்டைக் கிடத்தி, பின்புறமிருந்து தட்டித் தட்டி முன்புறம் உருவத்தைப் புடைக்கச் செய்வார். கண், மூக்கு, மாலை, அணிகலன் எல்லாம் அந்த மெல்லிய தகட்டில் எழும். கவசத்துக்கு முதுகு கிடையாது. முன்னால் நின்று பார்ப்பதற்கு மட்டுமே அது செய்யப்படுகிறது. எடையும் பருமனும் உள்ளிருக்கும் கல்லுக்கு உரியவை.

ஜானகிராம் செம்புத் தகட்டை வெட்டினார், தட்டினார், கம்பிகளையும் பட்டைகளையும் பற்றவைத்து நகைபோல் கோடிட்டார். அவர் சிற்பம் நேரே முன்னோக்கி நிற்கும். உருண்டு திரண்டு நிற்காது. ராய் சௌத்ரியின் கல்லூரியில் பயின்றவர் உடலின் பருமனையே விட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். சிற்பத்துக்கு உயிர் என்று ஐரோப்பியப் பயிற்சி எதைச் சொல்லியதோ அதை விட்டார். எடுத்துக்கொண்டது கவசம் செய்பவரின் தகட்டையும், பக்தன் நின்று பார்க்கும் அந்த ஒரே கோணத்தையும். உள்ளே மூர்த்தி இல்லை. கவசமே உருவமாகிவிட்டது.

அவருடைய படைப்புகளில் பிள்ளையாரும் உண்டு, ஏசுவும் உண்டு. பிள்ளையாரைக் காட்டிலும் ஏசுவே அவர் செய்ததைத் தெளிவாகக் காட்டுகிறார். கவசம் என்பது ஆகமக் கோயிலின் வழக்கம். அந்தத் தொழில்முறை ஏசுவுக்கு வந்து சேரும்போது அது ஒரு சமயத்தின் சொத்தாக இருப்பதை நிறுத்திக் கலையின் மொழியாகிறது. புடைத்த தகட்டின் பளபளப்புக்குள்ளே வெறுமை இருக்கிறது என்ற உணர்வு அந்த உருவத்துக்கு எதிர்பாராத துயரத்தைக் கொடுக்கிறது. சோழமண்டலத்து அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள், காவலர் தடுக்காவிட்டால், இந்த வகைச் சிற்பங்களின் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும்.

சோழமண்டலம் என்றதும் நினைவுக்கு வருவது. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறிய பணம், படம் விற்று வந்தது குறைவு. பாத்திக் துணி விற்று வந்தது மிகுதி. துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் கைவேலை அது. பகலில் பாத்திக், மீதி நேரத்தில் ஓவியம். கைத்தொழில் இவர்களுக்கு ஒரு கருத்தாக மட்டும் இருக்கவில்லை, சோறும் போட்டது. இதைக் கலை வரலாறுகள் ஒரு வாக்கியத்தில் கடந்துபோவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

விதியை விடாமலும் புதியது செய்யலாம்

எதையாவது விட்டால்தான் புதியது பிறக்கும் என்று சொல்லிவந்தேன். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை இதற்கு எதிர்வாதமாக நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட அந்தச் சிலையை வடித்தவர், மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி. அவர் சிற்ப நூல்களின் அளவுக் கணக்கை விடவில்லை. கல் தொழில் முறையை விடவில்லை. ஆனால் தெய்வங்களுக்கு இருப்பது போல, இந்த ஆசனம், இந்த ஆயுதம், இந்த முத்திரை என்று வள்ளுவருக்கு வகுத்துவைத்த தியான சுலோகம் எதுவும் இல்லை. உருவத்தை அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். மேலே நிற்கும் 95 அடி, பொருளும் இன்பமும். அறத்தின் மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன என்பதை எழுத்தால் சொல்லாமல் அளவால் சொல்லியிருக்கிறார். தாலக் கணக்கில் பழகிய ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து உடலைப் பகுப்பது அவர்கள் தொழில். அவர்கள் எண்ணாலேயே சிந்திப்பவர்கள். இடுப்பில் விட்ட சிறு வளைவால் அவ்வளவு பெரிய கல் உருவம் விறைத்து நிற்காமல் தப்பிக்கிறது. என் கண்ணுக்கு முகமும் தாடியும் இன்னும் உயிர்ப்போடு இருந்திருக்கலாம். ஆனால் விதிக்குள் நின்றே ஒரு புதிய கருத்தைக் கண்டுபிடித்த படைப்பு இது என்பதில் ஐயமில்லை. ஸ்தபதிகள் பழையதையே செய்பவர்கள், ஓவியர்கள் புதியதைச் செய்பவர்கள் என்ற பிரிவினையை இது குலைக்கிறது.

பழங்காலத்திலும் அந்தப் பிரிவினை இல்லை. ஆனந்தத் தாண்டவ நடராசர் செப்புத் திருமேனியாக நிலைபெற்றது பத்தாம் நூற்றாண்டை ஒட்டி. செம்பியன் மாதேவியின் கோயில் திருப்பணிகளோடு அது பரவியது. அன்றைய பக்தருக்கு அது புதிய வடிவம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமியால் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதுவரை அவற்றின் மேல் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. நாயக்கர் காலத்து ஓவியர் சோழ ஓவியத்தைப் போற்றிப் பாதுகாக்கவில்லை. அதன்மேல் சுண்ணம் பூசித் தம் படத்தை வரைந்தார். இன்று நாம் இரண்டையும் மரபு என்கிறோம்.

வகுப்பறையில் நடப்பது

பள்ளிகளில் ‘மரபு ஓவியம்’ என்று போட்டி வைக்கிறார்கள். வரும் தாள்களில் பாதியில் மயில், மாங்காய், கோபுரம். மீதியில் குச்சி மனிதர்கள் வட்டமாக ஆடும் வார்லி. நடுவராக உட்கார்ந்த பல போட்டிகளில் வார்லிக்குப் பரிசு கொடுத்தவர்களில் எத்தனை பேர் அது மகாராட்டிரத்துப் பழங்குடிப் பெண்கள் திருமணத்தின்போது அரிசி மாவால் மண்சுவரில் வரைவது என்பதை மாணவருக்குச் சொன்னார்கள் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஜீவ்யா சோமா மாஷே என்ற வார்லி ஓவியர் 1970களில் அதைச் சடங்கிலிருந்து பிரித்துத் தாளுக்குக் கொண்டுவந்தார். மீன்வலையையும் எறும்புக் கூட்டத்தையும் தம் விருப்பம்போல் வரைந்தார். அந்தச் சமூகத்தின் உள்ளேயே ஒருவர் செய்த புதுமை அது. நம் மாணவர் வரைவது அதன் ஓரப்பட்டை.

மாணவரைக் குறை கூறவில்லை. நகல் எடுப்பது பயிற்சிக்கு நல்லது. சுவாமிமலைப் பட்டறையில் தென்னை ஓலையை மடித்து அளவு குறிக்கக் கற்கும் சிறுவனும் ஆண்டுக்கணக்கில் நகல்தான் எடுக்கிறான். பயிற்சியைப் படைப்பு என்று சொல்லிப் பரிசு கொடுப்பதுதான் சிக்கல். மதிப்பெண் போடும் ஆசிரியர்கள், “இந்த வடிவத்தை எங்கே பார்த்தாய், அதில் உனக்கு ஒத்துவராதது எது, அந்த இடத்தில் என்ன வைத்தாய்?” என்று தாளின் பின்புறம் மூன்று வரி எழுதச் சொல்லலாம். பரிசுப் பட்டியல் மாறிவிடும்.

எடுக்கப்படாதவை

சென்னை இயக்கத்தின் மீது எனக்குள்ள ஒரு மனக்குறையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கோயில், சுவடி, சக்கரம், கவசம் என்று அவர்கள் நாடியவற்றில் பெரும்பகுதி தெய்வத்தையும் சடங்கையும் சார்ந்தது. விலக்குகள் உண்டு. சுல்தான் அலி பஸ்தர் பழங்குடிகளின் தொன்மங்களிலிருந்து தம் காளைகளையும் உருவங்களையும் பெற்றார். ஆதிமூலம் கோட்டோவியத்தோடு நில்லாமல் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டு சிற்றிதழ்களின், நூல்களின் அட்டைகளில் புதிய வடிவம் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது, ஓவியக் கூடத்துக்குள் கால் வைத்திராத ஆயிரக்கணக்கானோர் அவருடைய கோடுகளைப் பார்த்தார்கள். பணிக்கர் எழுத்திலிருந்து பொருளைக் கழற்றினார் என்றால் ஆதிமூலத்தின் எழுத்து வாசிக்கவும் பட்டது, ஓவியமாகவும் நின்றது.

ஆனால் புள்ளியும் கோடும் கட்டமும் சேர்ந்த, பொருள் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு வரைகலை இந்தக் கல்லூரியைச் சுற்றியிருந்த ஒவ்வொரு தெருவிலும் விடியற்காலையில் போடப்பட்டது. மாலைக்குள் மிதிபட்டு அழிந்தது. ராசிக் கட்டத்தில் ஓவியத்தைக் கண்ட கண்கள் கோலத்தில் அதே அளவுக்கு நின்றதாகத் தெரியவில்லை. இயக்கத்தில் பெண்கள் குறைவாகவே இருந்தார்கள். பொன்னானிப் பகுதியிலிருந்து வந்து இங்கே பயின்ற டி. கே. பத்மினி, பெண்ணுடலையும் நிலவையும் பட்டத்தையும் தமக்கே உரிய முறையில் தீட்டத் தொடங்கி, 1969-ல் இளம் வயதிலேயே பிரசவத்தின்போது காலமானார். கோலத்தைப் பற்றிக் கணிதவியலாளர்களும் கணினியாளர்களும் நிறைய எழுதிவிட்டார்கள். தரையிலிருந்து அதை எடுத்து, அதன் அழியும் தன்மையை விடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டிய ஓவியர்கள் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம்.